படிக்கட்டில் இறங்கும் பந்தயத்துக்கு எந்த வண்டி: டௌன்ஹில், எண்டியூரோ, ஹார்ட்டெயில்

“அண்ணா, இதுக்கு எந்த வண்டி வாங்கணும்?”

சிலி நாட்டு வால்பரைசோ நகரத்தில் படிக்கட்டும் சந்துமாக மலை சைக்கிளில் இறங்கும் பந்தயத்தின் காணொளியைப் பார்த்த கையோடு பட்டறைக்கு வருகிறவர்களும் சரி, போன் செய்கிறவர்களும் சரி, இதைத்தான் கேட்கிறார்கள். தலைக்கவசக் கேமராவில் எடுத்த காட்சிதான் அவர்களை இழுத்து வந்திருக்கும். வண்டி ஒரு வீட்டு வாசலை உரசிக்கொண்டு சந்துக்குள் நுழைகிறது. அடுத்த நொடி நாற்பது படிகள் ஒரே மூச்சில் கீழே ஓடுகின்றன. பால்கனியிலிருந்து யாரோ கத்துகிறார்கள். நாய் ஒன்று சுவரோரம் நிற்கிறது. ஸ்லோவாக்கியாவின் ஃபிலிப் போல்ட்ஸ் 2011இல் அங்கே எடுத்த காணொளி இன்றும் புதிதாக ஒருவரை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவருகிறது.

சென்ற மாதம் கேட்டவன் போர்ச்சுகலில் மேற்படிப்பு படிக்கும் ஒரு தம்பி. அந்த நாட்டில் நகர டௌன்ஹில், அதாவது ஊருக்குள் மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கும் பந்தயம் என்பது தொலைக்காட்சிக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. லிஸ்பனில் கோட்டைக் குன்றிலிருந்து அல்ஃபாமா பகுதியின் பழைய சந்துகள் வழியாக இறங்கும் பந்தயம் 2000ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. சிறிய ஊர்களிலும் தெருக்களை மூடிப் பந்தயம் நடத்துகிறார்கள். அவனிடம் மலையில் ஏறவும் இறங்கவும் ஆன பழைய எண்டியூரோ வண்டி ஒன்று இருக்கிறது. அதை விற்றுவிட்டு இறங்குவதற்கென்றே செய்த டௌன்ஹில் வண்டி வாங்குவதா, இருப்பதைச் சரிசெய்து ஓட்டுவதா, இல்லை பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத, விலை குறைந்த ஹார்ட்டெயில் ஒன்றில் முதலில் பழகுவதா என்று மூன்று வழியில் மாட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாதையைப் பாருங்கள்

நகரப் பந்தயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு நகரமும் வேறு மாதிரி.

வால்பரைசோ துறைமுக நகரம். கடலை ஒட்டிக் கொஞ்சம் சமதளம், அதன் முதுகில் நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகள். வீடுகள் எல்லாம் குன்றுகளின் மேல். மேலே போக 1883லிருந்தே சாய்வு ரயில் பெட்டிகள் ஓடுகின்றன. நடந்து இறங்குகிறவர்களுக்குப் படிக்கட்டும் சந்தும்தான். 2003இலிருந்து பந்தயம் நடப்பது இவற்றின் வழியாகத்தான். அதே ஆண்டில்தான் அந்த நகரத்தின் பழைய பகுதி யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. பாதை சுமார் 2 கிலோமீட்டர். முன்னணி வீரர்கள் மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். படிகள் உண்டு, ஆனால் படிகள் மட்டும் இல்லை. இரண்டு படிக்கட்டுகளுக்கு நடுவே தார்ச்சாலையில் எழுந்து நின்று மிதிக்க வேண்டிய இடங்கள், மரப்பலகையில் கட்டிய ராம்ப்புகள், சுவரில் ஏறி இறங்கும் வளைவு எல்லாம் கலந்து வரும்.

பிரேசிலின் சான்டோஸ் நகரத்தில் மான்டே செர்ராட் குன்றுப் பந்தயம் அப்படி இல்லை. அது கிட்டத்தட்ட முழுக்கப் படிக்கட்டு. கொலம்பியாவின் பொகோட்டாவில் மான்செர்ராத்தே மலையில் நடந்த பந்தயத்தில் பக்தர்கள் ஏறும் கல்படிப் பாதையே பந்தயப் பாதை. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். லிஸ்பன் சந்துகளில் உருண்டு வழவழப்பான கருங்கல் பாவிய தரையும், துண்டு துண்டாக வரும் குட்டைப் படிக்கட்டுகளும் அதிகம்.

ஆகவே எந்தப் பாதைக்கு என்று தெரியாமல் எந்த வண்டி என்று சொல்ல முடியாது. பாதை தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கனம் கிடையாது.

ஒன்று, படி. இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். ஒரு சாதாரண வெளிப்புறப் படியின் உயரம் 16 சென்டிமீட்டர், அகலம் 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விளிம்பிலிருந்து அடுத்த விளிம்புக்குச் சாய்வாக 34 சென்டிமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் நொடிக்கு 11 மீட்டர். கணக்குப் போட்டால் முன்சக்கரம் ஒரு நொடியில் 32 விளிம்புகளில் மோதுகிறது. காட்டுப் பாதையில் வேர், கல் என்று வரும் அடிகள் ஒழுங்கில்லாமல் வரும். நடுவில் மூச்சுவிட இடம் கிடைக்கும். படியில் அந்த இடைவெளியே இல்லை. ஒரே அளவு அடி, ஒரே தாளத்தில், கடைசிப் படி வரைக்கும். மனித முழங்கையும் முழங்காலும் நொடிக்கு முப்பது முறை மடங்கி விரிய முடியாது. அந்த வேலையைச் சஸ்பென்ஷன்தான் செய்தாக வேண்டும்.

இரண்டு, தாவிய பிறகு தரையிறங்குவது. இங்கே கணக்கு தலைகீழாகிறது. 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டைத் தரையில் விழுந்தால், தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர். அதைத் தாங்க டௌன்ஹில் வண்டியின் சஸ்பென்ஷன் அமுங்கித் தருவது 20 சென்டிமீட்டர். நின்றபடி ஓட்டுகிறவரின் காலும் கையும் சேர்ந்து தருவது அதைப் போல இரு மடங்கு. ஒரே ஒரு பெரிய அடி என்றால், நேரம் தெரிந்து மடங்கும் கால்தான் பெரிய ஷாக். படிக்கு வண்டி, தாவலுக்குக் கால். எந்த வண்டி என்ற கேள்வியில் குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்கிறார்கள்.

மூன்று, மிதிப்பும் வளைவும். தொடக்க மேடையிலிருந்து இறங்கியதும் மிதிப்பு. சந்து முனையில் ஏறக்குறைய நின்று திரும்பிய பிறகு மறுபடி மிதிப்பு. வண்டியின் எடை, நீளம், ஹேண்டில் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் இங்கே கணக்கில் வரும்.

நான்கு, பணம். வாங்கும் விலையைவிட, வாங்கிய பிறகு ஒவ்வொரு மாதமும் தின்கிற பணம்.

ஐந்து, பந்தயம் இல்லாத நாட்களில் அந்த வண்டி என்ன செய்யும். ஆண்டில் 365 நாட்களில் பந்தயம் மூன்றோ நான்கோ நாட்கள்தான். இதை யாரும் கேட்பதில்லை. நான் விடாமல் கேட்பேன்.

டௌன்ஹில் வண்டி

முன்னாலும் பின்னாலும் 200 மில்லிமீட்டர் அளவுக்குச் சஸ்பென்ஷன். ஃபாக்ஸ் 40, ராக்‌ஷாக்ஸ் பாக்ஸர் போன்ற இரட்டைக் கிரவுன் ஃபோர்க். ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டை; இதில் அதன் கால்கள் ஹெட்டியூபுக்கு (ஃபிரேமின் முன்பக்கக் குழாய்) கீழே மட்டும் நிற்காமல் மேலேயும் ஒரு தட்டில் கட்டப்பட்டிருக்கும். மோட்டார் சைக்கிளில் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் நன்றாக முன்னே தள்ளி இருக்கும். ஏழே கியர். சீட் தாழ்வாக, அசையாமல் இருக்கும். எடை 16 முதல் 18 கிலோ.

நீண்ட படிக்கட்டில் இந்த வண்டிக்கு ஈடு கிடையாது. அதை எழுத்தில் சொல்வது கஷ்டம், பார்த்தால்தான் புரியும். ஒருமுறை முப்பது படிகளின் அடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, இறங்கி வரும் வண்டியின் ஃபோர்க்கை மட்டும் மெதுவோட்டத்தில் படம் பிடித்தேன். சக்கரம் விளிம்பிலிருந்து விளிம்புக்குத் துடிக்கிறது. கீழ்க்கால்கள் தையல் மிஷின் ஊசி போல மேலும் கீழும் போகின்றன. ஹேண்டில்பார் மட்டும் கோடு போட்ட மாதிரி நேராக வருகிறது. ஓட்டியவரின் விரல் பிரேக் லீவரின் மேல் சும்மா கிடந்தது. அப்படிக் கிடக்க முடிந்ததுதான் பெரிய விஷயம். கை அதிர்ந்துகொண்டே இருந்தால் விரல் பிரேக்கைத் தன்னையறியாமல் பிடிக்கும். படியின் நடுவில் முன்பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரட்டைக் கிரவுனின் இன்னொரு பலம் விறைப்பு. சுவரோர வளைவில் பக்கவாட்டில் அழுத்தும்போது ஃபோர்க் முறுக்காது. தப்பாகத் தரையிறங்கினாலும் சக்கரம் நீங்கள் காட்டிய திசையில்தான் போகும். தவறை மன்னிக்கும் வண்டி என்று இதைத்தான் சொல்வேன். நகரத்தில் விழுந்தால் புல் இல்லை, மண் இல்லை, கான்கிரீட்தான். அந்த மன்னிப்புக்கு அங்கே விலை அதிகம்.

குறைகள் இருக்கின்றன. அந்த மேல்தட்டினால் ஹேண்டில் முழுதாகத் திரும்பாது. ஃபோர்க்கின் கால் ஃபிரேமில் முட்டி நின்றுவிடும். மலைப்பாதையில் இது தெரியவே தெரியாது. தொண்ணூறு டிகிரிக்கு மேல் திரும்பும் ஒடுக்கமான சந்து முனையில் நன்றாகத் தெரியும். அங்கே ஹேண்டிலைத் திருப்பி வளைப்பதை மறந்து, பின்சக்கரத்தைத் தூக்கியோ சறுக்கியோ திருப்பக் கற்றுக்கொள்ள வேண்டும். தார்ச்சாலையில் எழுந்து மிதித்தால் வண்டி உங்கள் பலத்தில் ஒரு பங்கைச் சஸ்பென்ஷனில் விழுங்கும்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். புதிய வண்டி 3,000 அமெரிக்க டாலருக்குக் கீழே அரிது; நல்ல பாகங்கள் உள்ளவை 5,000 முதல் 8,000 வரை போகும். அதன் மேல் ஃபோர்க் பராமரிப்பு. ராக்‌ஷாக்ஸ் நிறுவனமே 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறது. படிக்கட்டில் ஓட்டுகிறவர்கள் அந்த 50 மணிக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது என்பது என் அனுபவம். எண்ணெய் கறுத்து வருவதைப் பட்டறையில் கண்ணால் பார்க்கிறேன். விமானத்தில் கொண்டுபோவது தனிப்பாடு. வண்டி நீளம், இரட்டைக் கிரவுன் ஃபோர்க்கைக் கழற்றாமல் பெட்டிக்குள் போகாது. 18 கிலோ வண்டியும் பெட்டியும் சேர்ந்தால் 23 கிலோ என்ற வழக்கமான எல்லையைத் தாண்டிவிடும். அந்தக் கூடுதல் கட்டணத்தை ஒவ்வொரு போக்குவரத்துக்கும் இரண்டு முறை கட்ட வேண்டும்.

பந்தயம் இல்லாத நாட்களில்? வண்டியை மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் இருக்கும் மலைப் பூங்கா அருகில் இருந்தால் சொர்க்கம். இல்லையென்றால் சுவரில் மாட்டிய பொருள். ஏற்றத்தில் இதை மிதித்துப் போக முடியாது. தள்ளத்தான் முடியும்.

எண்டியூரோ வண்டி

150 முதல் 170 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன், ஒற்றைக் கிரவுன் ஃபோர்க், 12 கியர், பொத்தானை அழுத்தினால் இறங்கும் சீட் போஸ்ட். எடை பார்த்தால் 15 முதல் 17 கிலோ. டௌன்ஹில் வண்டிக்குப் பெரிதாகக் குறைவில்லை. எடை குறையும் என்று எண்ணி இதை வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். கிடைக்கும் லாபம் வேறு. ஹேண்டில் முழுதாகத் திரும்பும். மிதித்தால் முன்னே போகும். மலை மேல் உங்கள் காலிலேயே ஏறலாம்.

படிக்கட்டு குறைவாகவும் துண்டு துண்டாகவும் வரும் பாதையில் இதற்கும் டௌன்ஹில் வண்டிக்கும் நேர வித்தியாசம் மிகச் சிறிதுதான் என்று நினைக்கிறேன். பத்துப் படி, ஒரு திருப்பம், முப்பது மீட்டர் மிதிப்பு, மறுபடி எட்டுப் படி என்று வரும் பாதைகளில் மிதிப்பில் சம்பாதிப்பதைப் படியில் கொஞ்சம் விடுவீர்கள், அவ்வளவுதான். முப்பது, நாற்பது படிகள் தொடர்ந்து வரும்போதுதான் ஃபோர்க் மூச்சு வாங்கும்.

அதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு, காசும் ஆகாது. ரிபவுண்ட். அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் குமிழ் அது. மண்பாதைக்கு வைத்த அளவிலேயே படியில் இறங்கினால், ஃபோர்க் முழுதாக எழுமுன் அடுத்த விளிம்பு அடித்துவிடும். ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், இருபதாவது படியில் 170 மில்லிமீட்டர் ஃபோர்க் பாதிக்கும் குறைவாகச் சுருங்கி நிற்கும். வண்டியின் மூக்கு தாழும், உடம்பு முன்னால் சாயும். “நடுவுல திடீர்னு ஃபோர்க் கல்லு மாதிரி ஆயிடுச்சு” என்று சொல்கிறவர்களுக்கு நடந்தது இதுதான். இரண்டு மூன்று கிளிக் வேகமாக்கிப் பாருங்கள். ரொம்பவும் வேகமாக்கினால் தாவும்போது ஹேண்டில் உதைக்கும். ஆகவே ஒவ்வொரு கிளிக்காக.

மறைந்திருக்கும் செலவுகள் சில்லறைச் சில்லறையாக வரும். 12 கியர் வண்டியின் நீளமான பின் டெரெய்லர் (செயினைக் கியருக்குக் கியர் தள்ளும் பாகம்) சுவரிலும் படி விளிம்பிலும் முதலில் அடிவாங்குவது. அதைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். செயின் கழலாமல் பிடிக்கும் செயின் கைடு இல்லாமல் இறங்கவே கூடாது. படி அதிர்வில் செயின் கழன்றால் மிதிக்க வேண்டிய இடத்தில் கால் வெறுமையில் சுற்றும். டயரும் ரிம்மும் எப்படியும் மாற்ற வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

ஃபிரேமில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரையும் படியுங்கள். பல நிறுவனங்கள் 1 முதல் 5 வரை பயன்பாட்டு வகை எண் போடுகின்றன. 4 என்றால் சுமார் 120 சென்டிமீட்டர் வரை குதித்து இறங்கும் பயன்பாடு. 5 என்றால் டௌன்ஹில், பெரிய தாவல். எண்டியூரோ வண்டிகளில் 4ம் உண்டு, 5ம் உண்டு. 4 போட்ட ஃபிரேமோடு நகரப் பந்தயத்தின் பெரிய ராம்ப்பில் பறந்து அது விரிசல் விட்டால் உத்தரவாதம் பேசாது. “டௌன்ஹில் ஃபோர்க்கை இதில் மாட்டிக்கொள்ளலாமா?” என்று கேட்பார்கள். நிறுவனம் எழுத்தில் அனுமதித்திருந்தால் ஒழிய வேண்டாம். நீண்ட ஃபோர்க் ஹெட்டியூபை நெம்புகோல் போல நெம்பும்.

ஹார்ட்டெயில்

பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத வண்டி. முன்னால் 100 முதல் 140 மில்லிமீட்டர். மண்மேடுகளில் தாவுவதற்கான டர்ட் ஜம்ப் வகை என்றால் 26 அங்குலச் சக்கரம், எடை 11 முதல் 13 கிலோ, விலை 800 டாலரிலிருந்து கிடைக்கும்.

செக் நாட்டின் டோமாஷ் ஸ்லாவிக்கை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். வால்பரைசோவில் வென்றவர். அவர் 4எக்ஸ் என்ற வகையிலிருந்து வந்தவர், 2010இல் அதில் உலகச் சாம்பியன். நான்கு பேர் ஒரே கதவிலிருந்து புறப்பட்டு முட்டி மோதிக்கொண்டு இறங்கும் குறும்பந்தயம் அது; குறைந்த சஸ்பென்ஷன் வண்டிதான் அங்கே வழக்கம். முதல் மூன்று மிதியில் வேகம் எடுப்பது, வளைவில் வேகத்தை விடாமல் வருவது, தாவலைக் கூர்ந்து அளந்து தரையிறங்குவது எல்லாம் அந்தப் பள்ளியில் படித்தவை. மறுபக்கம் பிரிட்டனின் ஸ்டீவ் பீட், 2009இன் உலக டௌன்ஹில் சாம்பியன், லிஸ்பனில் பலமுறை வென்றவர், அவர் மலைப்பள்ளி. இரண்டு பள்ளிக்காரர்களும் நகரத்தில் வென்றிருக்கிறார்கள்.

அதனால் ஹார்ட்டெயிலைக் கற்றுக்கொள்ளும் வண்டி என்று மதிக்கிறேன். பந்தய வண்டி என்று சொல்ல மாட்டேன். ஐந்தாறு படிகளில், நடக்கும் வேகத்தில், எடையை எங்கே வைப்பது என்பதை இதைப் போல வேறு எதுவும் கற்றுத்தராது. தவறாக நின்றால் உடனே குதிகாலில் தெரியும். நீண்ட படியில் வேகமாக இறங்கினால் பின்சக்கரம் துள்ளித் துள்ளிப் பாதம் பெடலில் நிற்காது, பார்வை அதிரும், எதிரே வரும் திருப்பத்தைக் கண் பிடிக்காது.

வாங்கும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். டர்ட் ஜம்ப் வண்டிகளில் பலவும் பின்பிரேக் மட்டுமே கொண்டு வரும். முன்பிரேக் இல்லாமல் சரிவான தெருவில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். முன்பிரேக், அதற்கான ரோட்டர் (பிரேக் தட்டு), சில ஃபோர்க்குகளில் அடாப்டர் எல்லாம் சேர்த்தால் “விலை குறைந்த வண்டி” அவ்வளவு குறைந்ததாக இருக்காது.

ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | டௌன்ஹில் | எண்டியூரோ | ஹார்ட்டெயில் |
|---|---|---|---|
| தொடர்ந்து 30 படிக்கு மேல் | மிக நன்று | ரிபவுண்ட் சரிசெய்தால் சமாளிக்கும் | வேகத்தில் ஆபத்து |
| துண்டுப் படிகள் | நன்று | மிக நன்று | பழகினவருக்குப் பரவாயில்லை |
| பெரிய ராம்ப் | மிக மன்னிக்கும் | ஸ்டிக்கரைப் பார்த்து | தேர்ந்த காலுக்கு மட்டும் |
| சந்து முனைத் திருப்பம் | ஹேண்டில் முட்டும் | நன்று | மிக நன்று |
| தெருவில் மிதிப்பு | சோர்வு | நன்று | மிக நன்று |
| எடை (கிலோ) | 16–18 | 15–17 | 11–13 |
| புதிய விலை (டாலர், தோராயம்) | 3,000–8,000 | 3,000–6,000 | 800–2,000 |
| மறைந்த செலவு | ஃபோர்க் பராமரிப்பு, விமானக் கட்டணம் | டெரெய்லர், செயின் கைடு, டயர் | முன்பிரேக், பின் ரிம் |
| மற்ற நாட்களில் | லிஃப்ட் இருந்தால் மட்டும் | எங்கும் | பூங்கா, தெரு, பயிற்சி |

எந்த வண்டியானாலும் ஒதுக்க வேண்டிய பணம்

டயர். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். படி விளிம்பு ரிம்முக்கும் டயருக்கும் நடுவே அறைந்து டியூபை இரண்டு பற்கள் கடித்த மாதிரி ஓட்டையாக்கும். மண்ணில் 24, 25 பி.எஸ்.ஐ. காற்று வைத்து ஓட்டுகிறவர்கள் நகரத்தில் 30ஐத் தாண்ட வேண்டியிருக்கும். டௌன்ஹில் உறை கொண்ட கனமான டயர், உள்ளே டியூப் இல்லாமல் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம், பின்சக்கரத்தில் நுரை வளையம். காய்ந்த கான்கிரீட் நல்ல பிடி கொடுக்கும். உயரமான குமிழ்கள் கொண்ட சேற்று டயர்தான் அங்கே மோசம், வளைவில் குமிழ்கள் மடங்கி வண்டி வழுக்கும். தாழ்ந்த, நெருக்கமான குமிழ் உள்ளதை எடுங்கள். தூறல் போட்டுவிட்டால் சாலையின் வெள்ளைக் கோடும், பளிங்கு பதித்த வாசலும், இரும்பு மூடியும் எந்த டயரையும் கைவிடும். அங்கே பிரேக்கைத் தொடாமல் வண்டியை நேராகக் கடத்துங்கள்.

முழுமுகத் தலைக்கவசம், முதுகுக் கவசம், முழங்கால், முழங்கை. மண்ணில் விழுந்தால் உருள்வோம், கான்கிரீட்டில் தேய்வோம். எனக்கே முழங்கைக் கவசம் இல்லாத ஒரு நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லாத வேகத்தில் விழுந்து ஆறு வாரம் கட்டுப்போட்டுக்கொண்டு திரிந்தேன். வண்டிக்கு 4,000 டாலர் வைத்திருக்கிறவர் முதலில் 500ஐ இதற்கு ஒதுக்கிவிட்டு மீதியை எண்ணட்டும்.

ஹேண்டில்பார் அகலத்தையும் பாருங்கள். இப்போது வரும் பார்கள் 800 மில்லிமீட்டர். சந்தின் சுவருக்கும் விரலுக்கும் நடுவே இருக்கும் இடம் அதைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் இருபது இருபது மில்லிமீட்டர் அறுத்துவிடச் செலவே இல்லை.

பயிற்சி எங்கே என்ற கேள்வியும் கூடவே வரும். படி என்றாலே நம் ஊரில் மலைக்கோயில் நினைவுக்கு வரும். அங்கே வண்டியை இறக்கும் எண்ணமே வேண்டாம். வயதானவர்கள், குழந்தைகள், வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் வரும் பாதை அது. மான்செர்ராத்தேயும் பக்தர்களின் பாதைதான். பந்தயத்துக்காக அதைத் தனியாக ஒதுக்கி, ஆள் வைத்துக் காத்தார்கள். சொந்தமாகப் பழக, யாரும் நடக்காத ஐந்து படிகள் போதும். மரப்பலகையில் நீங்களே நான்கு படி செய்துகொண்டால் இன்னும் நல்லது.

யாருக்கு எது

வால்பரைசோ, சான்டோஸ் போன்ற பாதையில், நேரக் கணக்கோடு பந்தயம் ஓட்டப் போகிறீர்கள், வேறு வண்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அருகில் லிஃப்ட் மலை இருக்கிறது என்றால் டௌன்ஹில் வண்டிதான். புதிதாக வாங்க வேண்டியதில்லை. மூன்று நான்கு ஆண்டு பழைய வண்டியில் ஃபோர்க்கும் ஷாக்கும் பிரித்துப் பராமரித்த ரசீது இருந்தால் போதும். ரசீது இல்லாதவரிடம் பேரம் பேசும்போது அந்தச் செலவை விலையில் கழித்துவிடுங்கள்.

ஒரே வண்டிக்குத்தான் வசதி என்றால் எண்டியூரோ. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆண்டின் மீதி நாட்களில் நீங்கள் ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள். ஓட்டிய மணி நேரம்தான் பந்தய நாளில் கூட வரும்.

தாவவும் திரும்பவும் இன்னும் கை வரவில்லை, வயது பதினைந்து பதினாறு, வீட்டில் பெரிய தொகை கேட்க மனசில்லை என்றால் ஹார்ட்டெயில், முன்பிரேக்கோடு. ஒரு வருடம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

வாடகை என்ற நான்காவது வழியையும் விசாரித்துப் பார்க்கலாம். மலைப் பூங்காக்களில் டௌன்ஹில் வண்டி வாடகைக்குக் கிடைக்கும். நகரப் பந்தயத்துக்கு என்று சொன்னால் பெரும்பாலான கடைக்காரர்கள் தர மாட்டார்கள். ஆனாலும் வாங்கும் முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது, 5,000 டாலர் தவறிலிருந்து காப்பாற்றும்.

போர்ச்சுகல் தம்பியிடம் நான் கேட்டது ஒன்றுதான்: பந்தயத்துக்கு முந்தைய வாரம் அந்தப் பாதையை ஒருமுறை நடந்து, படிகளை எண்ணி வா. இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. மொத்தம் 174 படிகள். ஒன்பது துண்டுகள். மிக நீளமானது 26. நடுவில் மூன்று இடத்தில் தெருவில் மிதிப்பு, இரண்டு இடத்தில் வண்டியை ஏறக்குறைய நிறுத்தித் திருப்ப வேண்டிய சந்து முனை. ராம்ப் இரண்டு, இரண்டுமே இடுப்பு உயரம். கூடவே ஒரு படம்: படியின் மேல் இஞ்சுடேப் வைத்து எடுத்திருந்தான். உயரம் 17, அகலம் 29.

“இருக்கிற எண்டியூரோவே போதும்டா. டயரையும் செயின் கைடையும் மாத்து. ரிபவுண்ட் இப்ப எத்தனை கிளிக்ல இருக்கு?” என்றேன்.

“எட்டு அண்ணா.”

“ரெண்டு கிளிக் வேகமாக்கி ஆரம்பி. அந்த 26 படியையும் ஒரு தரம் இறங்கிப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணு.”